150 தளங்களில் ஒரே கட்டுரை: ஒரு மறுபதிப்புச் சேவையைப் பார்த்த அனுபவம்

கோவை கணபதியில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சிறிய பட்டறையின் இணையதளத்தை நான் பராமரித்து வருகிறேன். பட்டறை உரிமையாளர் சென்ற ஆண்டு 18,000 ரூபாய் கட்டி ஒரு சேவையை வாங்கியிருந்தார். தொழிலைப் பற்றி ஐந்து கட்டுரைகள் எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து மறுபதிப்புச் செய்யலாம் என்ற அனுமதியோடு 150 தளங்களில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் பட்டறையின் தளத்துக்கு ஓர் இணைப்பு இருக்கும். இணைப்புகள் பெருகினால் கூகுள் தேடலில் தளம் மேலே ஏறும் என்பது அவர்கள் தந்த வாக்கு. ஒப்பந்தக் காலம் முடிந்தபோது அவர் வேலை அறிக்கையை என்னிடம் கொடுத்து, "அம்மணி, புதுப்பிக்கலாமா வேண்டாமா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

வேண்டாம் என்று சொன்னேன். இதே சேவையைத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் ஈரோட்டு மஞ்சள் வியாபாரிகளுக்கும் வேறு வேறு பெயர்களில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், அப்படிச் சொன்னதற்கான காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. யாரிடம் வாங்கினாலும் சரக்கு ஒன்றுதான்.

முதலில் அவர்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு. சொன்ன தேதியில் வேலையை முடித்தார்கள். தொலைபேசியில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அறிக்கை எக்செல் தாளில் ஒழுங்காக இருந்தது: தளத்தின் முகவரி, கட்டுரைத் தலைப்பு, வெளியான நாள், இணைப்பு வைத்த சொல் என எல்லாம் வரிசையாக. பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் மலிந்த துறையில் இது பெரிய விஷயம்.

ஆனால் கட்டுரைகளைப் படித்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில், ஒவ்வொன்றும் 500 சொற்களுக்கு அருகில். ஆரோக்கியமான சமையலறைக்குப் பத்து வழிகள், தென்னிந்திய உணவின் சிறப்பு என்கிற மாதிரியான தலைப்புகள். உள்ளே ஒரு வரிகூடப் பட்டறைக்கு வந்து பார்த்து எழுதியதாக இல்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அந்தச் செய்தி ஐந்தில் ஒன்றிலும் இல்லை. ஊத்துக்குளிக் கருங்கல்லுக்கு இந்தத் தொழிலில் ஏன் அவ்வளவு மதிப்பு, கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு மிக்சியில் சூடாவதுபோல் சூடாகாமல் இருப்பது எப்படி, உணவகத்துக்கு வாங்கும்போது டில்டிங் கிரைண்டரில் (சாய்த்து மாவைக் கொட்டும் வகை) எதைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பட்டறையில் அரை மணி நேரம் நின்றால் காதில் விழும் விஷயங்கள். வாடிக்கையாளர்கள் தினமும் தொலைபேசியில் கேட்பவை வேறு இருக்கின்றன. புதிதாக வாங்கியதும் முதலில் அரைத்த மாவைக் கொட்டிவிட வேண்டுமா? பெல்ட் தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கல்லை எப்போது கொத்த வேண்டும்? இவற்றுக்குப் பதில் எழுதியிருந்தால், இணைப்பால் பயன் வராவிட்டாலும் படிப்பவருக்காவது பயன்பட்டிருக்கும்.

அடுத்து, ஐந்து கட்டுரைகள் 150 தளங்களுக்கு எப்படிப் போதும்? அங்கேதான் ஸ்பின்னிங் வருகிறது. மென்பொருளைக் கொண்டு சொற்களுக்குப் பதில் சொற்களை மாற்றி, ஒரே கட்டுரையைப் பல பிரதிகளாகத் திரித்துவிடுகிறார்கள். ஒரு பிரதியில் அரைக்கும் கல் பாறையாகிவிட்டது. இன்னொன்றில் ஊறவைத்த உளுந்து நனைந்த பருப்புக் கூழாகிவிட்டது. பட்டறையின் பெயர் மட்டும் எதிலும் மாறவில்லை. முப்பது ஆண்டுகளாகச் சம்பாதித்த நற்பெயரை இப்படிப்பட்ட வாசகங்களுக்குக் கீழே ஒட்டி வைப்பதற்கு, பணம் கொடுத்து அல்ல, பணம் வாங்கிக்கொண்டுகூட யாரும் சம்மதிக்கக் கூடாது.

அறிக்கையில் இருந்த முகவரிகளைத் திறந்து பார்த்தேன். பல திறக்கவே இல்லை, தளத்தையே மூடிவிட்டிருந்தார்கள். திறந்தவற்றில் கிரைண்டர் கட்டுரைக்கு மேலே சூதாட்டத் தளத்தின் விளம்பரக் கட்டுரையும் கீழே எடை குறைக்கும் மாத்திரையும் இருந்தன. அந்தத் தளங்களுக்கு வாசகர் என்று ஒருவர் இருப்பதற்கான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. கட்டுரை போடுகிறவர்கள் மட்டுமே வந்துபோகும் இடங்கள் அவை.

இதைச் சோதிக்க எந்தக் கட்டணக் கருவியும் தேவையில்லை. கட்டுரையிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்து கூகுளில் தேடுங்கள். நான் தேடியபோது விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சில முடிவுகள் வந்தன. அவற்றுக்குக் கீழே, மிகவும் ஒத்திருக்கும் மற்ற பக்கங்களை விட்டுவிட்டோம் என்ற கூகுளின் குறிப்பு. ஒரே கட்டுரை நூறு இடத்தில் இருந்தால் கூகுள் ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிடுகிறது. இதைத் தண்டனை என்று பலர் பயமுறுத்துகிறார்கள், அது சரியில்லை. நகல் இருப்பதற்காக மட்டும் தண்டனை கிடையாது என்று கூகுளே 2008-இல் விளக்கிவிட்டது. நகல்கள் காட்டப்படுவதில்லை, அவ்வளவுதான். காட்டப்படாத பக்கத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறோம் என்பதே இங்கே வருத்தம்.

தளம் நடத்துபவர்களுக்காகக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியின் இணைப்புகள் பகுதியில் அந்தத் தளங்களில் சில பதிவாகியிருந்தன. எந்தத் தேடலுக்குத் தளம் எத்தனையாவது இடத்தில் வந்தது என்று காட்டும் பகுதியை, சேவைக்கு முன்னும் பின்னுமாக ஒப்பிட்டேன். 'வெட் கிரைண்டர் தயாரிப்பாளர்' போன்ற தேடல்களில் நிலை நகரவில்லை. தளத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பட்டறையின் பெயரைத் தட்டச்சிட்டு வந்தவர்கள். மற்றவர்கள், பெல்ட் மாற்றுவது எப்படி என்று நாங்கள் தமிழில் எழுதிய ஒரு பக்கத்தின் வழியாக வந்தவர்கள். அந்தப் பக்கம் பட்டறையின் மூத்த பிட்டரோடு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதியது. சமையல் குறிப்பு எழுதும் ஒரு பெண்மணி, யாரும் கேட்காமலே, தன் தளத்திலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார். சொந்த வாசகர்கள் உள்ள ஓர் ஆள் மனமுவந்து கொடுத்த அந்த ஓர் இணைப்பை நான் அந்த 150-க்கும் மேலாக மதிக்கிறேன். தளத்துக்குப் புதிய ஆட்கள் வந்ததும் அதன் வழியாகத்தான்.

இந்தச் சேவை முழுப் பொய்யிலிருந்து பிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் இது வேலை செய்தது. லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளை மற்றவர்கள் அதற்குத் தரும் மதிப்பாக எடுத்துக்கொண்டது. 1999-இல் தொடங்கிய ஈசைன் ஆர்ட்டிக்கிள்ஸ் போன்ற கட்டுரைக் களஞ்சியங்கள் அந்தச் சூழலில் வளர்ந்தன. எழுதுபவர் கட்டுரையை இலவசமாகக் கொடுப்பார்; தளம் நடத்துபவர் அதை அப்படியே எடுத்துப் போட்டு, அடியில் எழுதியவரின் குறிப்பையும் இணைப்பையும் வைப்பார். இருவருக்கும் நியாயமான கொடுக்கல் வாங்கல். துறை தெரிந்தவர்கள் நல்ல கட்டுரைகளை அப்படிக் கொடுத்ததும் உண்டு. பிறகு இணைப்புக்காக மட்டுமே எழுதுகிறவர்கள் கூட்டமாக வந்து அதைக் கெடுத்துவிட்டார்கள்.

2011 பிப்ரவரி 24-ஆம் தேதி கூகுள் கொண்டுவந்த மாற்றம், பின்னாளில் பாண்டா என்று அறியப்பட்டது, அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தைப் பாதித்தது. தரம் குறைந்த பக்கங்களைக் குவித்து வைத்திருந்த தளங்கள் சரிந்தன. கட்டுரைக் களஞ்சியங்களும் அவற்றில் அடங்கும். 2012 ஏப்ரல் 24-இல் வந்த பென்குவின் என்ற அடுத்த மாற்றம், செயற்கையான இணைப்புகளைக் குறிவைத்தது. அதை அறிவித்த குறிப்பிலேயே, திரித்த வாசகத்துக்குள் சம்பந்தமில்லாத இணைப்புகளைச் செருகிய ஒரு பக்கத்தை உதாரணமாகக் காட்டியிருந்தார்கள். 2013-இல் இணைப்புக்காகப் பெருமளவு கட்டுரை விநியோகம் செய்வது கூகுளின் விதிகளில் விதிமீறலாகப் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. 2017 மே மாதத்தில் அதை மறுபடி நினைவூட்டினார்கள். இடையில் 2016-இல் பென்குவின், தளத்தைக் கீழே தள்ளுவதைவிட அப்படிப்பட்ட இணைப்புகளை மதிப்பற்றதாக்குவதை நோக்கி மாறிவிட்டது. ஆகவே இன்று இதை வாங்குபவருக்குப் பெரும்பாலும் கெடுதல் நேர்வதில்லை. கொடுத்த பணத்துக்கு எதுவும் நடப்பதுமில்லை. அளவு மீறினால் மட்டும், கூகுளின் ஊழியர் ஒருவரே தளத்தைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் ஆபத்து இருக்கிறது.

இத்தனையும் பொதுவெளியில், யாரும் படிக்கக்கூடிய அறிவிப்புகளாக இருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் செத்துப்போன முறையை இன்றைய விலைக்கு, அதுவும் மாவரைக்கும் இயந்திரம் செய்து பிழைக்கிற மனிதரிடம் விற்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. 18,000 ரூபாய் அந்தப் பட்டறையில் ஒருவரின் மாதச் சம்பளம்.

சேவையோடு இன்னொன்றையும் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள்: ஆயிரம் கட்டுரைகள் கொண்ட தொகுப்பு. அவற்றை எடுத்து நம் தளத்தில் போட்டு நிரப்பிக்கொள்ளலாமாம். நான் ஒன்றைக்கூட ஏற்றவில்லை. ஏற்கெனவே எண்ணற்ற தளங்களில் இருப்பதை நாமும் போட்டால், தேடுபவருக்குக் கூகுள் நம் பக்கத்தைக் காட்ட ஒரு காரணமும் இல்லை. தேடலில் ஏறுவதற்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாகக் குவிப்பதை 2024 மார்ச் முதல் கூகுள் வெளிப்படையாகவே விதிமீறலாக வைத்திருக்கிறது. கட்டுரையை மனிதர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா என்பது அங்கே கணக்கில் வராது.

மறுபதிப்பு என்றாலே ஆகாது என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பராமரிக்கும் இன்னொரு தளம் ஓர் உணவு ஆலோசகருடையது. அதில் தி கான்வர்சேஷன் கட்டுரைகளை அவ்வப்போது மறுபதிப்புச் செய்கிறோம். முழு மனதோடு பரிந்துரைப்பேன். 2011-இல் மெல்போர்னில் தொடங்கிய தளம் அது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதுவார்கள், பத்திரிகையாளர்கள் செம்மைப்படுத்துவார்கள். பக்கத்திலேயே மறுபதிப்புக்கான பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் கட்டுரையின் நிரல் முழுவதும் கிடைத்துவிடும். கட்டணம் எதுவும் கிடையாது. நிபந்தனைகள் தெளிவானவை: வாசகத்தை மாற்றக் கூடாது, எழுதியவரையும் அவருடைய நிறுவனத்தையும் குறிப்பிட வேண்டும், மூலத்துக்கு இணைப்புத் தர வேண்டும். எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணும் சிறு நிரலையும் நீக்கக் கூடாது. படங்களுக்கு அந்த அனுமதி எப்போதும் பொருந்தாது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கு ஒரு குறை உண்டு. அந்த உரிமத்தில் மொழிபெயர்ப்பும் மாற்றமாகவே கருதப்படும் என்பதால் தனியாக அனுமதி கேட்க வேண்டும். மொழிபெயர்க்க விரும்புகிறவர்களுக்கு, பல நாட்டுச் செய்திகளை வெளியிடும் குளோபல் வாய்சஸ் என்ற தளம் எளிது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்.

அங்கிருந்து எடுத்த எந்தக் கட்டுரையும் ஆலோசகரின் தளத்தைத் தேடலில் உயர்த்தவில்லை. உயர்த்தும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நீரிழிவு பற்றிக் கேட்டு வருகிறவர்களுக்கு நம்பத்தகுந்த ஒன்றைப் படிக்கக் கொடுக்க முடிகிறது, அதற்காகத்தான் போடுகிறோம். இது எதிர்த் திசையிலும் பொருந்தும். உங்கள் துறையில் நீங்கள் எழுதிய நல்ல கட்டுரையை ஒரு பத்திரிகையோ சங்கத்தின் தளமோ மறுபதிப்புச் செய்யக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். பெயர் பரவும், ஆட்கள் வருவார்கள். தேடலில் அவர்களுடைய பிரதி உங்களுடையதை முந்திவிடும் என்ற கவலை இருந்தால், அவர்கள் பக்கத்தில் நோஇண்டெக்ஸ் குறியீடு (அந்தப் பக்கத்தைத் தேடலில் சேர்க்க வேண்டாம் என்று சொல்வது) வைக்கச் சொல்லுங்கள். கூகுளும் இதையே பரிந்துரைக்கிறது.

ஏற்கெனவே இப்படி ஒரு சேவையை வாங்கியிருந்தால் பதற வேண்டாம். சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' (கூகுள் ஊழியர் எடுத்த நடவடிக்கைகள்) என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால் அந்த இணைப்புகளை அப்படியே விட்டுவிடலாம். இணைப்புகளை நிராகரிக்கும் கருவி ஒன்றை 2012 முதல் கூகுள் வைத்திருக்கிறது. எச்சரிக்கை வராதவர்கள் அதைத் தொடத் தேவையில்லை. அதை வைத்து 'இணைப்புச் சுத்திகரிப்பு' என்று அடுத்த சேவையை விற்க வருவார்கள், அதையும் வாங்காதீர்கள். எங்கள் பட்டறை உரிமையாளருக்கும் அந்த அழைப்பு வந்தது. மறுத்துவிட்டார். புதுப்பிப்பதற்காக ஒதுக்கிய தொகையில், கல் கொத்துவதைப் படம்பிடித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் எழுதும் வேலையை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்.