'எடை வித்தியாசம்' என்று கூரியர் வாலட்டில் பிடிக்கிறார்களா? ஆன்லைன் கடை வைத்திருப்போர் கவனிக்க

600 கிராம் முறுக்கு, 30×25×15 செ.மீ. அட்டைப்பெட்டி. ஆர்டரில் 0.6 கிலோ என்று போட்டதால் வாலட்டிலிருந்து (கூரியர் கட்டணத்துக்கு முன்பணம் போட்டு வைக்கும் கணக்கு) ஒரு கிலோ கட்டணம்தான் முதலில் கழியும். பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டரைக் கிலோவுக்கான மீதியும் வாலட்டிலிருந்து போயிருக்கும்.

காரணம் கன அளவு எடை. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள் (சில கூரியர்களில் 4000; ஒப்பந்தத்தில் பாருங்கள்). இந்தப் பெட்டிக்கு 2.25 கிலோ. உண்மை எடை, கன எடை இரண்டில் எது கூடுதலோ அதை அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றுவார்கள். அதே முறுக்கு 22×18×10 பெட்டியில் 0.79 கிலோதான்.

இதுவரை விதி. வில்லங்கம் இதற்கு மேல்தான். அந்தச் சின்னப் பெட்டி உப்பி, ஹப்பில் (கூரியரின் பார்சல் பிரிப்பு மையம்) பக்கத்துக்கு 2 செ.மீ. கூடுதலாக அளந்தால் 24×20×12, அதாவது 1.15 கிலோ, ஒன்றரைக் கிலோ பில். சில சமயம் ஆதாரமாக வரும் படத்தில் இருப்பது வேறு யாருடைய பெட்டியோ! லேபிளில் உள்ள ஏடபிள்யூபி எண் (பார்சலின் கண்காணிப்பு எண்) உங்களுடையதா என்று முதலில் பாருங்கள். ஆட்சேபிக்கச் சில நாள்தான் கெடு. விட்டால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு.

எனவே பிக்கப்புக்கு முன்பே நான்கு படம்: தராசின் மேல் பெட்டி, பிறகு நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் அளவு டேப் வைத்து. நான்கிலும் லேபிள் தெரிய வேண்டும். தெரியாத படத்தை அப்படியே நிராகரிப்பார்கள். பாலித்தீன் உறையை இறுக்கி ஒட்டுங்கள், காற்றுக்கும் காசு.

கடைத் தளத்திலும் ஒரு ஓட்டை உண்டு. ஷாப்பிஃபையில் எடைவாரிக் கட்டணம் வைத்துவிட்டு, பொருளின் எடையைப் பூஜ்யமாக விட்டால் எத்தனை வாங்கினாலும் மிகக் குறைந்த கட்டணமே காட்டும். பொருளின் எடையோடு பெட்டியின் எடையையும் சேர்த்துப் போடுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரியில் அடி இன்னும் பலம். பார்சல் திரும்பினால் போன கட்டணம், வந்த கட்டணம் இரண்டும் உங்கள் தலையில், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. டெலிவரி ஆள் வீட்டுப் பக்கமே போகாமல் 'வாடிக்கையாளர் இல்லை' என்று போடுவதும் நடக்கிறது. அந்தக் குறிப்பு வந்த அன்றே வாடிக்கையாளரை அழைத்துக் கேளுங்கள். டெலிவரி ஆளிடமிருந்து போன் வரவில்லை என்று அவர் சொன்னால், அவருடைய அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டோடு மறுமுயற்சி கேட்டு, பொய்க் குறிப்பு என்று கூரியரிடம் டிக்கெட் (புகார்) போடுங்கள். பார்சல் திரும்பக் கிளம்பிவிட்டால் நிறுத்துவது கஷ்டம்.