ஸ்ட்ரெச்சரா, ஹெலிகாப்டரா? மலை மீட்பின் இரு வழிகள்

மலைச்சரிவில் கால் முறிந்து கிடப்பவரைக் கீழே கொண்டுவரத் தன்னார்வ மீட்புக் குழுவினருக்கு இரு வழிகள் உண்டு: ஸ்ட்ரெச்சரில் சுமந்து இறங்குவது, அல்லது ஹெலிகாப்டரை அழைப்பது. வேகத்தில் ஹெலிகாப்டருக்கு ஈடில்லை. பல மணி நேர இறக்கத்தை அது சில நிமிடங்களில் முடித்துவிடும். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியவருக்கும், உள்ளே இரத்தம் கசிபவருக்கும் அந்த நேரமே உயிர். ஆனால் மூடுபனியும் பலத்த காற்றும் சூழ்ந்தால் அது நெருங்க முடியாமல் போகலாம். அதன் விசிறிகள் கிளப்பும் காற்று தளர்ந்த கற்களை உருட்டிவிடும், குளிரில் நடுங்குபவரின் வெப்பத்தையும் பறிக்கும்.

ஸ்ட்ரெச்சரோ மெதுவானது, ஆட்பலம் கேட்பது. ஆறு முதல் எட்டுப் பேர் சுமந்தாலும், சிறிது தூரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். செங்குத்தான இடங்களில் மேலே பாறையோடு பிணைத்த கயிற்றை ஒருவர் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்க, மற்றவர்கள் ஸ்ட்ரெச்சர் சாயாமல் காத்தபடி இறங்குவார்கள். தலைமாட்டில் நடப்பவர் காயமுற்றவரிடம் இடைவிடாமல் பேசிக்கொண்டே வருவார். அது வெறும் ஆறுதல் அன்று, பதில் குழறினால் உடனே நிறுத்திப் பார்ப்பதற்காக. மோசமான வானிலையிலும் கைகொடுப்பது இவ்வழியே என்பதால், ஹெலிகாப்டர் புறப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்த பின்னும் சுமப்போரைத் திருப்பி அழைக்காமல் மேலே அனுப்பும் குழுவின் முடிவையே நான் சரியென்பேன்.