நாலு வருட ஓடிஜி: கேக்குக்கு வாங்கியது, ரொட்டிக்கு நின்றது

இந்த ஓடிஜியை, அதாவது கேக், ரொட்டி சுடும் மின்சார அடுப்பை, 2021 ஆகஸ்டில் வாங்கினோம். 28 லிட்டர், 1500 வாட், மூன்று குமிழ். வாங்கிய வாரமே எழுதப்பட்ட ரிவ்யூக்களை நம்பித்தான் நானும் வாங்கினேன். அதில் ஒருவர்கூட வீட்டில் நாய் உண்டா, பூனை உண்டா, பால்கனியில் தொட்டி உண்டா என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்ததே இவைதான். கோவையில் முதல் மாடி வாடகை வீடு, மேற்குப் பார்த்த பால்கனி. நான், வீட்டுக்காரர், அப்பா, பட்டாணி என்ற நாட்டு நாய், சீயக்கா என்ற பூனை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் பாடம் பிளக்கில் வந்தது. 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். நான் செல்போன் சார்ஜர் போடும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினேன். மூன்றாவது கேக்கில் வெனிலா வாசனையோடு பிளாஸ்டிக் கருகும் வாசனையும் சேர்ந்து வந்தது. 15 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட் இல்லாத மேடையில் இதை வைக்கவே வைக்காதீர்கள். கரண்ட் பில்லைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள்: சூடேற்றும் நேரத்தையும் சேர்த்து ஒரு தடவைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. வாரம் இரண்டு தடவை போட்டால் இரண்டு மாதக் கணக்கில் இருபது யூனிட் வரும். ஏற்கெனவே 500 யூனிட்டை உரசிக்கொண்டிருக்கும் வீடு என்றால் மட்டும் யோசிக்கவும், அதைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும்.

முதல் சில மாதம் என் கேக்குகள் எல்லாம் மேலே வேகாமல் அடியில் கருகின. செய்முறையைத் திட்டினேன், முட்டையைத் திட்டினேன். அப்புறம்தான் சர்க்கரை சோதனை தெரிய வந்தது. சர்க்கரை உருகுவது ஏறத்தாழ 186 டிகிரியில். குமிழை 175-இல் வைத்து ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கால் மணி நேரம் உள்ளே விட்டால் அது மணலாகவே இருக்க வேண்டும். என்னுடையது தேன் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குமிழில் இருக்கும் எண் ஓர் உத்தேசம்தான் என்று புரிந்தது. உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அன்றிலிருந்து குமிழைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கேக் அதோடு குறைந்தது, ரொட்டி பிடித்துக்கொண்டது. காரணம் எங்கள் ஊர் வெயில். வெளிநாட்டு செய்முறைகளில் மாவு ஒன்றரை மணி நேரம் பொங்கட்டும் என்பார்கள். சித்திரையில் என் சமையலறையில் நாற்பது நிமிடத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, குளிர்ந்த தண்ணீரில் பிசைந்தால்தான் புளித்த வாடை வராது. இப்போது கைப்பழக்கமாகிவிட்ட அளவு: மைதா 300 கிராம், தண்ணீர் 225 மில்லி, உப்பு 6 கிராம், ஈஸ்ட் 2 கிராம். தட்டில் கடலை எண்ணெய் ஊற்றி மாவைப் பரப்பி, பத்து விரலாலும் அழுத்திக் குழி போட்டு, 220 டிகிரியில் இருபது நிமிடம். ஆலிவ் எண்ணெய் இல்லையே என்று வருந்த வேண்டாம், செக்குக் கடலை எண்ணெயில் ஓரம் முறுகும்போது வரும் வாசனை தனி.

2022 பொங்கலுக்கு முந்தைய வாரம் மாவுப் பாத்திரத்தைத் தாழ்வான பெஞ்சில் மூடி வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பாதி மாவைக் காணோம். பட்டாணி மூக்கு நுனியில் வெள்ளையோடு மூலையில் உட்கார்ந்திருந்தது. சிரித்துப் படம்கூட எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வயிறு பலூன் மாதிரி விறைத்து, பின்னங்கால் தள்ளாட ஆரம்பித்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஓடினோம். டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “நாய் வயித்துச் சூட்டுல ஈஸ்ட் இன்னும் வேகமாப் பொங்கும்மா. காத்து ஒரு பக்கம், சாராயம் ஒரு பக்கம். வாந்தி எடுக்க வைக்கறேன்னு வீட்டுல எதையும் ஊத்திடாதீங்க, உடனே கூட்டிட்டு வந்தீங்களே, அதான் சரி.” ஓர் இரவு ட்ரிப்ஸோடு அங்கேயே இருந்தது. மறுநாள் தலைவலி பிடித்த குடிகாரன் முகத்தோடு வீடு வந்தது.

அன்றிலிருந்து மாவு பொங்குவது அணைத்து வைத்த ஓடிஜிக்குள்தான். கதவு மூடியிருக்கும், நாய் எட்டாது, காற்றும் படாது. நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்றாவது வாரம் உள்ளே பிளாஸ்டிக் பாத்திரத்தில் மாவு இருப்பதை மறந்து சூடேற்றப் போட்டுவிட்டேன். கம்பித் தட்டில் உருகி இறங்கிய பிளாஸ்டிக்கைச் சுரண்ட இரண்டு நாள் ஆனது. இப்போது ஸ்டீல் பாத்திரம், அதோடு குமிழில் ஒரு துணிக் கிளிப். கிளிப் இருந்தால் உள்ளே மாவு இருக்கிறது என்று அர்த்தம். இது அப்பாவின் யோசனை.

நாய் இருக்கும் வீட்டில் பேக்கிங் சாமான் டப்பாக்களையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சாக்லேட் ஆகாது என்பது பலருக்கும் தெரியும். உலர் திராட்சையும் ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்காவில் விலங்கு நச்சு ஆலோசனை மைய மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். பேக்கிங்கில் போடும் க்ரீம் ஆஃப் டார்டார் பொடி அதே அமிலத்தின் உப்புதான், நம் புளியிலும் அதே அமிலம் உண்டு. படித்த அன்றே பட்டாணிக்கு ரசம் சாதம் நின்றது. அப்பாவுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, தொட்டிக்கு வருகிறேன். பீட்சாமேல் தூவும் ஆரிகானோ இலைத்தூளின் சின்ன டப்பா விலையைப் பார்த்து மலைத்தபோதுதான், பால்கனியில் சளிக்கென்று வளர்த்த ஓமவல்லி கண்ணில் பட்டது. கற்பூரவல்லி என்றும் சொல்வார்கள். ஆரிகானோவின் வாசனைக்குக் காரணமான கார்வக்ரால் என்ற பொருள் இதிலும் உண்டு. ஆனால் இலை தடிமன், தண்ணீர் அதிகம். முழு இலையை ரொட்டிமேல் வைத்தால் அந்த இடம் மட்டும் வேகாமல் பிசுபிசுத்துப் போகும். பொடியாக நறுக்கி, உப்புப் போட்டு, வெதுவெதுப்பான எண்ணெயில் அரை மணி ஊறவிட்டு, ரொட்டி வெளியே வந்ததும் தடவுவதுதான் சரி. மூன்று இலைக்கு மேல் போனால் கஷாயம் தடவின ரொட்டி ஆகிவிடும். ஒன்று, இந்தச் செடி நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. சீயக்கா ஒரு தடவை மென்று வாந்தி எடுத்ததும் தொங்கும் தொட்டிக்கு ஏற்றிவிட்டேன்.

பேசில் விதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் சப்ஜா விதைதான் திருநீற்றுப் பச்சிலை, அதாவது பேசில். ஒரு சிட்டிகை தூவினால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். இத்தாலிய ரகத்தின் இனிப்பு வாசம் வராது, சோம்பும் கிராம்பும் கலந்த மாதிரி இருக்கும். தக்காளி ரொட்டிக்கு எனக்கு அதுவே பிடித்துவிட்டது. பூங்கொத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இலை தரும், விட்டால் விதைக்குப் போய்விடும். ரோஸ்மேரி வேறு கதை. குன்னூரில் வாங்கி வந்த இரண்டு செடிகளைத் துளசிக்கு ஊற்றுகிற மாதிரி தினமும் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன். மூன்றாவதை மண்தொட்டியில் பாதிக்குப் பாதி மணல் கலந்து வைத்து, விரல் விட்டுப் பார்த்துக் காய்ந்தால் மட்டும் ஊற்றுகிறேன். உயிரோடு இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பூனைக்குத் தொட்டி மண் என்றால் கழிப்பறை. தேங்காய்ச் சிரட்டையை உடைத்து மண்மேல் நெருக்கமாகப் பரப்பியதும் தோண்டுவதை நிறுத்தியது. ஒரு நாள் தொட்டியில் தானாக முளைத்த குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். சீயக்கா அந்த வேரில் கன்னத்தைத் தேய்த்து, எச்சில் வடிய, தரையில் புரண்டு புரண்டு பத்து நிமிடம் கிறங்கிக் கிடந்தது. அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று ஏன் பேர் வைத்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தேன். மற்ற நேரத்தில் அதன் இடம் ஓடிஜியின் தலை. அணைத்த பிறகும் அரை மணி நேரம் மேல் தகடு சுடும். வேலை முடிந்தும் சமையலறைக் கதவைச் சாத்தியே வைக்கிறேன்.

உள்ளபடி சொன்னால் இந்த அடுப்பில் எனக்கு நன்றாக வந்த பிஸ்கட் நாய்க்குச் செய்ததுதான். கோதுமை மாவு, கேழ்வரகு மாவு, அவித்து மசித்த பரங்கிக்காய், ஒரு முட்டை. உப்பு, சர்க்கரை, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. 160-இல் 25 நிமிடம் வைத்து, அணைத்துவிட்டு இரவு முழுக்க உள்ளேயே விட்டால் கல் மாதிரி காய்ந்துவிடும். ஒரு நாள் காலையில் அப்பா டீயில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஏங்கண்ணு, இதுக்குச் சர்க்கரை போட மறந்துட்டயா? மத்தபடி நல்லாத்தான் இருக்குது” என்றார். நான்காவது பிஸ்கட் அது. பட்டாணி எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தது.

வராதது வர்க்கி. 2023-இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பார்த்த ஆர்வத்தில் இரண்டு தடவை முயன்றேன். மேலே நிறம் வந்தது, உள்ளே பஃப்ஸ். விறகு அடுப்பின் நிதானமான சூட்டில் பொருபொருவென்று காய்கிற பண்டம் அது. கம்பி சிவந்து அணைந்து சிவக்கும் ஓடிஜியில் எனக்கு அது வரவில்லை. வாங்கிச் சாப்பிடுவதே மேல்.

பழுது என்று பார்த்தால், மூன்றாவது வருடம் டைமர் நின்றது. சர்வீஸ் சென்டரில் புது ஓடிஜியில் பாதி விலை சொன்னார்கள். தெருமுனை எலக்ட்ரீஷியன் 350 ரூபாயில் மாற்றிக்கொடுத்தார். தட்டு ஓரத்தில் துரு, உள்விளக்கு போய் ஒரு வருடம் ஆகிறது. இதே அளவு மறுபடி வாங்குவேன். 25 லிட்டருக்குக் கீழே என்றால் ரொட்டி பொங்கி மேல் கம்பியைத் தொடும். கோழி சுடும் சுழல் கம்பிக்காக மட்டும் அதிகம் கொடுக்காதீர்கள். எங்களுடையது ஒரு தடவைகூட அடுப்புக்குள் போனதில்லை. போன ஆடிக் காற்றில் திருநீற்றுப் பச்சிலை சாய்ந்தபோது முட்டுக் கொடுக்கத் தொட்டியில் நட்டது, இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.