கிலோக் கணக்கா, நாள் கூலியா, குடமா?

மாசி பிறந்தால் எங்கள் சித்தப்பா கொட்டாயில் புளி வேலை. கிருஷ்ணகிரிப் பக்கம் தெரியாதவர் குறைவு: ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். நகக்கண்ணில் கீறல் இருந்தால் புளி இறங்கி எரியும். கணக்கு நோட்டு மூன்று வருடமாக என்னிடம். மூன்று விதமாகக் கூலி கொடுத்துப் பார்த்துவிட்டோம்.

முதலில் நாள் கூலி. கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் வேலை நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் போட வேண்டியதாயிற்று. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அவன் பார்வை பின்னாலேயே போகும். புளி சுத்தமாக வந்தது, அது உண்மை.

கிலோக் கணக்கு வந்ததும் அந்த ஆளுக்கு வேலை இல்லை. புளி தட்டும் பெண்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பத்து மணிக்கு வரலாம், யாரிடமும் கேட்காமல் மூன்றுக்குக் கிளம்பலாம். இதில் உள்ள கௌரவத்தை நான் முதலில் கவனிக்கவில்லை. அவசரத்தில் கொட்டை தங்கிவிடும். எடை ஏற ஒன்றிரண்டு பேர் தண்ணீர் தெளிப்பார்கள். நாங்கள் மட்டும் யோக்கியமா? 'கழிவு' என்று ஒவ்வொரு எடைக்கும் கொஞ்சம் பிடித்தோம். தராசின் எண்ணும் எங்கள் பக்கமே பார்த்திருந்தது. ரேட்டுக்காக வந்த சண்டையைவிட அந்த எண்ணுக்காக வந்ததுதான் அதிகம்.

போன வருடம் கிலோக் கணக்கோடு ஒரு எவர்சில்வர் குடமும் சேர்ந்தது, அதிகம் தட்டுபவருக்குப் பரிசு. இரண்டாம் வாரமே குடம் யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீண் செலவு.

1973இல் அமெரிக்காவில் உளவியலாளர் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஆசையாகப் படம் வரையும் மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றும் இல்லை. பின்னால் கவனித்தபோது, முன்கூட்டியே சொல்லிச் சான்றிதழ் பெற்றவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். இதை வைத்துக் கூலியே ஆர்வத்தைக் கெடுக்கும் என்பவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு வரைய ஆசை இருந்தது. புளி தட்ட யாருக்கு ஆசை? அதற்குக் காசுதான் மரியாதை.

ஆனால் அந்தச் சோதனை எங்கள் கொட்டாயிலும் பலித்தது, வேறு இடத்தில். புதிதாக வரும் பெண்களுக்குக் கைப்பக்குவம் சொல்லித்தருவது ஓர் ஆயா. யாரும் கேட்டுச் செய்ததில்லை. போன வருடம் சித்தப்பா நல்லெண்ணத்தில், "ஆயா, ஒருத்திக்குச் சொல்லிக்குடுத்தா ஐம்பது ரூபாய்" என்றார். ஆயா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நான் என்ன டீச்சரா, ஃபீஸ் வாங்க?"

அப்புறம் அந்தப் பருவம் முழுக்க அவர் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

இந்த மாசியில் கிலோக் கணக்கு மட்டும். குடம் இல்லை, ஐம்பது ரூபாய்ப் பேச்சும் இல்லை. தராசைப் பெண்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். ஆயா நேற்று ஒரு புதுப் பெண்ணின் கையைப் பிடித்து, "இப்படி ஓரத்துல தட்டு" என்றார். சித்தப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி டீ வாங்கப் போய்விட்டார்.