நட்சத்திரமா, கையா, பதினெட்டா?

யூத நகைகள் விற்கும் கடையில் முன்வரிசையில் கிடப்பவை பெரும்பாலும் சங்கிலியில் கோக்கும் மூன்று டாலர்கள்: ஆறுமுனை நட்சத்திரம், விரித்த கை, இரண்டே எழுத்துகள். வெள்ளியில் செய்தால் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. அர்த்தத்தில்தான் இருக்கிறது.

நட்சத்திரத்தை எபிரேயத்தில் ‘மாகேன் தாவீத்’ என்பார்கள். தாவீதின் கேடயம் என்று பொருள். பெயரில் நட்சத்திரமே கிடையாது. முருகன் யந்திரத்தில் நாம் பார்த்துப் பழகிய அதே பின்னிய முக்கோணங்கள். ஒரு காலத்தில் மசூதிகளிலும் தேவாலயங்களிலும்கூட வெறும் அலங்காரமாக இருந்த வடிவம்தான். யூதர்களின் பழைய சின்னமான ஏழு கிளை விளக்கு மெனோராவின் முன்னால் இது நேற்றுப் பிறந்த பிள்ளை. எருசலேம் ஆலயத்தில் கொள்ளையடித்த மெனோராவை வீரர்கள் தூக்கிப் போவதை ரோமின் டைட்டஸ் வளைவில் முதல் நூற்றாண்டிலேயே செதுக்கிவிட்டார்கள். ஆனாலும் இன்று முந்தி நிற்பது நட்சத்திரமே. 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய, யூதர்களுக்குத் தாயகம் கேட்ட சியோனிச மாநாடு அதை எடுத்துக்கொண்டது. 1941இல் ஜெர்மனியில் நாஜிகள் ஆறு வயதுக் குழந்தையின் சட்டையிலும் அதை மஞ்சள் துணியில் தைக்க வைத்தார்கள். 1948இல் இஸ்ரேல் கொடியில் ஏறியது. இவ்வளவும் சேர்ந்து தொங்குவதால், இதை வெறும் அழகுக்காகப் போட்டுக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்.

கை வடிவ ‘ஹம்சா’ அப்படி இல்லை. பெயரைப் பார்த்து அன்னப்பறவை என்று நினைக்க வேண்டாம். அரபியில் ‘கம்சா’ என்றால் ஐந்து. வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கு இது நபிகள் நாயகத்தின் மகள் பாத்திமாவின் கை, யூதர்களுக்கு மோசேயின் அக்கா மிரியாமின் கை. ஐந்து விரலுக்கு யூத வேதமான தோராவின் ஐந்து நூல்களைக் கணக்குக் காட்டுவார்கள். வேலை என்னவோ ஒன்றுதான்: திருஷ்டி கழிப்பது. உற்றுப் பாருங்கள், இரண்டு பக்கமும் கட்டைவிரல் இருக்கும்; உள்ளங்கையில் நீலக் கண், சிலவற்றில் ஒரு மீன். தண்ணீருக்குள் இருக்கும் மீனைக் கண்ணேறு தொடாது என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத். பூசணிக்காய் உடைக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. அந்த இரண்டெழுத்தை ‘ஹை’ என்று தொண்டையிலிருந்து உரசிச் சொல்ல வேண்டும். chai என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பி ‘சாய்’ என்றால் டீ ஆகிவிடும். ‘உயிருள்ள’ என்று பொருள். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. இதில் ஹெத் 8, யோத் 10, கூட்டினால் 18. அதனால்தான் கல்யாணத்துக்கு மொய் எழுதும்போது 18, 36, 180 என்று பதினெட்டின் மடங்கில் கொடுக்கிறார்கள், நாம் நூற்றியொன்று வைப்பதைப்போல. யூதரல்லாதவர் கண்ணுக்கு இது ஏதோ கோலம்; தெரிந்தவருக்கு ஒரு வாழ்த்து. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிகூட ஒன்று போட்டிருந்தார்.

வாங்குவதானால் ஒரு விஷயம். எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகும். கதவு நிலை மாதிரி இருக்கும் ஹெத் வலப்பக்கமும், காற்புள்ளி அளவே உள்ள யோத் அதன் இடப்பக்கமும் வர வேண்டும். மாறித் தெரிந்தால் டாலரைத் திருப்பிக் கோத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.