குழாய் எரிவாயு இணைப்பு: இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்குச் சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் உப்புக்காற்றைக் கணக்கில் எடுத்துக் குழாய் போட்டால்தான். நம் மாவட்டத்தில் வீடுகளுக்குக் குழாய்வழி எரிவாயு கொடுக்கும் உரிமம் 2018ஆம் ஆண்டு 9ஆம் சுற்று ஏலத்தில் வழங்கப்பட்டது. லைன் இன்னும் எல்லாத் தெருவையும் எட்டவில்லை. எட்டியிருக்கும் தெருக்காரர்கள் கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் காசு. 14.2 கிலோ சிலிண்டர் தரும் சூடு, குழாய் எரிவாயுவில் சுமார் 18 கன மீட்டருக்குச் சமம். கன மீட்டர் விலையை 18ஆல் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டால் போதும். ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும் வீட்டில் மாதம் 12 கன மீட்டர் ஓடும். ஏழைக் குடும்பங்களுக்கான உஜ்வலா திட்ட மானியம் சிலிண்டருக்கு மட்டும்தான். அந்த மானியம் வாங்கும் குடும்பம் அதைச் சிலிண்டர் விலையில் கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும். பெரும்பாலும் அவர்களுக்கு மாறுவதால் பெரிய லாபம் இருக்காது.

பழைய அடுப்பை அப்படியே மாட்ட முடியாது. சிலிண்டர் ரெகுலேட்டர் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 30 மில்லிபார், குழாயில் வருவது 21. வாயுவும் லேசானது. அதே அளவு சூடு வேண்டுமென்றால் அடுப்பில் வாயு வெளிவரும் ஜெட் துளையின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வேண்டும். பலர் வந்த ஆளிடமே சொல்லித் துளையைக் கையால் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். கையால் போடும் துளை வட்டமாக நிற்காது. தீ ஒரு பக்கம் சாயும், நுனி மஞ்சளாகும், சட்டியின் அடி கரி பிடிக்கும். ஜெட்டையே மாற்றச் சொல்லுங்கள். அடுப்பு பழசென்றால் ஐஎஸ் 17153 முத்திரை உள்ள குழாய் எரிவாயு அடுப்பையே வாங்கிவிடுவது நல்லது. மாற்றிய அடுப்பில் மறந்தும் பழைய சிலிண்டரைச் சொருகாதீர்கள். தீ அடக்கமில்லாமல் எழும்பும்.

இனி இந்தக் கரையில் உண்மையில் கெட்டுப்போகும் இடம். தெருவில் புதைக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கு உப்பு ஒன்றும் செய்யாது. சுவரில் ஏறி சமையலறைக்குள் போகும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்தான் பலவீனம். இணைப்புக்காக மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. பைப் ரெஞ்ச் பல் பதிந்த இடத்தில் மஞ்சள் பூச்சும் உரிகிறது. கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் வீசும் காற்றில் அந்தப் பற்குறியில்தான் முதல் துரு கிளம்பும். அடுத்து கிளாம்ப்: குழாய்க்கும் கிளாம்புக்கும் நடுவே தங்கும் ஈரம் காய்வதில்லை. மூன்றாவது, சுவருக்குள் நுழையும் துளை. உவர்த் தண்ணீரில் குழைத்த கலவையால் அதை அடைத்தால் குழாய் உள்ளேயே அரிக்கும், வெளியே தெரியவே தெரியாது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் குழாயை நுழைக்க வேண்டும். வெளியே தெரியும் மரை, ரெஞ்ச் தடம் எல்லாவற்றுக்கும் துத்தநாக பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் பூசி முடிக்கும்வரை ஆட்களை அனுப்பிவிடாதீர்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நேராக அடிக்கும் சுவரில் மீட்டரையும் ரெகுலேட்டரையும் வைக்க விடாதீர்கள். பக்கச் சுவர் இருந்தால் அங்கே வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கசிவைப் பார்க்க மீட்டரே போதும். அடுப்பின் பக்கத்து வால்வை மூடி, மீட்டரில் சிவப்பு எண்களைக் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் விடுங்கள். கடைசி எண் ஒரு லிட்டர். அது நகர்ந்தால் கசிவு மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே. நகரவில்லையா, அடுப்புத் திருகுகளை மூடியே வைத்து வால்வை மட்டும் திறந்து இன்னும் அரை மணி நேரம் பாருங்கள். இப்போது நகர்ந்தால் டியூப்பிலோ அடுப்பிலோ கோளாறு. அப்புறம் சோப்பு நுரை வைத்து இடத்தைப் பிடிக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கச்சான் ஓய்ந்ததும் ஒருமுறை என்று பார்த்தால் நல்லது.

கசிந்தால் சிலிண்டர் வாயு தரையில் தங்கும், குழாய் வாயு மேலே ஏறும். மணலும் உப்பும் வருகிறதென்று மேல் சன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அந்த அட்டையை எடுத்துவிட்டு, கூரையை ஒட்டி ஒரு திறப்பு விட வேண்டும். காற்றில் சிம் தீ அணைந்தால் சிலிண்டர் தீர்வதுபோல் இது தீராது, வந்துகொண்டே இருக்கும். ஆகவே தீ அணைந்தால் தானே அடைபடும் வால்வு உள்ள அடுப்புக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

இந்த எரிபொருளை நம்பி எத்தனை வருஷம் என்பது நியாயமான கேள்வி. வாயு நம் காலடியிலேயே இருக்கிறது. கஞ்சிரங்குடி, பெரியபட்டினம் பக்கம் எடுக்கிறார்கள். வழுதூரில் 95, 92.2 மெகாவாட் என இரண்டு மின்நிலையங்கள் வாயுவில் ஓடவே கட்டப்பட்டன. இராமநாதபுரம்–தூத்துக்குடி குழாய் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. உள்நாட்டு வாயுவில் வீட்டு அடுப்புக்கு முன்னுரிமை உண்டு, அதன் விலைக்கு 2023 முதல் உச்சவரம்பும் உண்டு. ஆனால் நாட்டின் தேவையில் பாதியளவு கப்பலில் வருகிறது, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்த திரவமாக. 2022இல் ஐரோப்பா அதிக விலை கொடுத்துக் கப்பல்களை இழுத்துக்கொண்டபோது பாகிஸ்தானும் வங்கதேசமும் வாயு கிடைக்காமல் இருட்டில் கிடந்தன. 2030க்குள் எரிசக்தியில் 15 சதவீதம் வாயு என்பது அரசின் இலக்கு. இப்போது 6, 7 சதவீதம்தான். அந்த இலக்கை எட்டுவோம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

உலக அளவில் இந்த வாயுவுக்கு மிஞ்சப்போகும் வேலை, நம் கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் போன்றவை சாயங்காலம் ஓய்ந்த பிறகு சட்டென்று மின்சாரம் கொடுப்பது. அதற்கு நிலக்கரியைவிட வாயு டர்பைன் தோது, கரியமில வாயுவும் பாதியளவுதான். அந்த நன்மையும் கசிவைப் பொறுத்தது. இந்த வாயுவில் பெரும்பகுதியாக இருக்கும் மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். கிணற்றிலிருந்து அடுப்புவரை சுமார் 3 சதவீதம் ஒழுகினாலே நிலக்கரியை விட்டு வந்ததன் பலன் பெரும்பாலும் போய்விடும்.

நகரத்துக்குள் சொந்த வீடு, தினமும் இரண்டு வேளைக்கு மேல் சமையல் என்றால் எடுக்கலாம். வாடகை வீட்டில் வேண்டாம், குழாய்க்குப் போட்ட காசு சுவரோடு நின்றுவிடும். புதிதாகக் கட்டுபவர்கள் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் இண்டக்‌ஷனுக்காக 16 ஆம்ப் பிளக் ஒன்றும், அதற்குத் தனி வயரும் இப்போதே விட்டுவையுங்கள். குழாய் வருகிற சுவரிலிருந்து அதைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.