ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையின்போது மசாஜா, ரெய்கியா, அக்குபிரஷரா?

பலமான கீமோ கொடுத்துவிட்டு, ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்களை உடம்பில் ஏற்றுகிற மாற்று சிகிச்சைக்குத் தேதி குறித்ததுமே வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: மருந்தோடு சேர்த்து மசாஜ், ரெய்கி (கை வைத்து ‘ஆற்றல்’ தருவதாகச் சொல்வது), அக்குபிரஷர் (உடம்பில் சில புள்ளிகளை அழுத்துவது) என்று ஏதாவது வைத்துக்கொள்ளலாமா, அப்படியானால் எது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசான மசாஜ்தான், அதுவும் கை, கால், கழுத்து, தலை அளவோடு நிற்கிற நீவல். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். இவற்றில் எதுவும் புது செல்கள் எலும்பு மஜ்ஜையில் வேர்பிடிப்பதைச் சீக்கிரமாக்கும் என்று யாராவது சொன்னால், அவரை நம்ப வேண்டாம்.

பிறகு எதற்கு இது? அந்த வாரங்களில் நோயாளியைத் தொடுகிற எல்லாரும் ஒரு வேலையாகத்தான் தொடுகிறார்கள். ரத்தம் எடுக்க, சென்ட்ரல் லைனை (மருந்து ஏற்றப் பெரிய ரத்தக்குழாயில் போட்டிருக்கும் குழாய்) சுத்தம் செய்ய, காய்ச்சல் பார்க்க. எல்லாம் கையுறை போட்ட கைகள். குமட்டல், வாய்ப்புண், தூக்கமின்மை, பயம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருகிற நேரத்தில், எதையும் எடுக்காமல், எதையும் குத்தாமல் ஒரு கை மேலே படுவது பெரிய ஆறுதல். அது போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

மசாஜுக்கு ஓரளவு சான்றும் இருக்கிறது. தன்னுடைய செல்களையே திரும்பப் பெற்ற நோயாளிகளிடம் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், 20 நிமிடம் தோள், கழுத்து, தலை, முகம் நீவிவிட்டதும் பதற்றமும் குமட்டலும் அப்போதைக்குக் குறைந்தன. ‘அப்போதைக்கு’ என்பதைக் கவனியுங்கள். 2003-இல் வந்த இன்னொன்று இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் தேடியது: 88 பேரில் சிலருக்கு மசாஜ், சிலருக்கு ‘தெரப்பியூட்டிக் டச்’ (ரெய்கி மாதிரியே கையால் ‘ஆற்றலை’ச் சரிசெய்வதாகச் சொல்வது), மீதிப் பேருக்கு யாராவது வந்து நட்பாகப் பேசிவிட்டுப் போவது. செல்கள் வேர்பிடிக்க ஆன நாட்களில் மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. மொத்தப் பலன் என்று நோயாளிகள் சொன்னதில், பேச்சை விட மசாஜ் மேலே நின்றது.

ஆனால் இங்கே மசாஜ் என்றால் அழுத்திப் பிசைகிற மசாஜ் இல்லை. இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்), இந்த நாட்களில் பத்தாயிரத்துக்குக் கீழேகூடப் போய்விடும், வெளியிலிருந்து ஏற்ற வேண்டிவரும். அந்த நிலையில் கட்டை விரலால் ஓர் அமுக்கு அமுக்கினாலே தோலுக்கடியில் ரத்தம் கட்டிவிடும். கிரீம் தடவுகிற அளவு அழுத்தம், அவ்வளவுதான். லைன் இருக்கிற பக்கம், ஊசி போட்ட இடம், சிவந்த தோல், ரத்தக்கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள கால் இதெல்லாம் தொடவே கூடாதவை. மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் உள்ளவருக்கு எலும்பே பலவீனமாக இருக்கும், முதுகை விட்டுவிடுவதே நல்லது.

எண்ணெய் விஷயத்தையும் சொல்ல வேண்டும், பலர் யோசிக்காதது இது. தயோடெபா என்ற கீமோ மருந்து வியர்வை வழியே தோலுக்கு வந்து புண்ணாக்கும், அதனால்தான் அந்த நாட்களில் அடிக்கடி குளிக்கச் சொல்கிறார்கள், எண்ணெயோ லோஷனோ பூசக் கூடாது என்கிறார்கள். மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை தொடுகிறவரும் கையுறை போட வேண்டியிருக்கும். வாசனை எண்ணெய் இன்னும் மோசம். உறையவைத்த செல்களை ஏற்றும்போது அவற்றோடு சேர்ந்த பாதுகாப்பு ரசாயனத்தால் நோயாளியின் மூச்சிலேயே பூண்டு மாதிரி ஒரு வாடை ஒரு நாளுக்கு மேல் நிற்கும், அதற்கு மேல் லாவெண்டரும் சேர்ந்தால் குமட்டல்தான்.

ரெய்கியும் தெரப்பியூட்டிக் டச்சும் ஒரே வகை. கையை உடம்பின் மேல் லேசாக வைப்பார்கள், அல்லது சற்று மேலே காற்றில் வைத்து ‘ஆற்றலை’ச் சரிசெய்வதாகச் சொல்வார்கள். அந்த ஆற்றல் இருப்பதற்குச் சான்று இல்லை. 1998-இல் அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி செய்த எளிய சோதனை வெளியானது: தடுப்புக்குப் பின்னால் நீட்டிய தங்கள் இரு கைகளில் எதன் மேல் அவளுடைய கை இருக்கிறது என்று தெரப்பியூட்டிக் டச் செய்கிற 21 பேர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னது 44 சதவீதம், குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் கிடைப்பதைவிடக் குறைவு. அப்படியும் 2003 ஆய்வில், இதமாக இருந்ததா என்ற அளவில் தெரப்பியூட்டிக் டச்சும் நட்புப் பேச்சை முந்தியது. ஒருவர் நிதானமாகப் பக்கத்தில் இருந்து கவனிப்பதற்கு அப்படி ஒரு பலன் உண்டு. அழுத்தமே இல்லாததால் பிளேட்லெட் அடிமட்டத்தில் இருக்கும் நாளில் மசாஜை விட இது பாதுகாப்பானதும்கூட. ஆனால் கட்டணம் பெரிதாக இருந்தால் வேண்டாம் என்பேன், உங்கள் வீட்டு ஆள் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட அதே வேலை நடக்கும்.

அக்குபிரஷர் ஒரே ஒரு காரியத்துக்குச் சரி, குமட்டலுக்கு. உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்பு மாதிரித் தெரிகிற தசைநாண்களுக்கு நடுவில் உள்ள புள்ளி. குமட்டல் மருந்தோடு சேர்த்து மென்மையாக அழுத்திப் பார்க்கலாம், மருந்துக்குப் பதிலாக வேண்டாம். கையில் மாட்டுகிற இறுக்கமான பட்டையை பிளேட்லெட் குறைந்த நாட்களில் தவிர்த்துவிடுங்கள், தடம் பதிந்துவிடும். பாதத்தில் புள்ளிகளை அழுத்துகிற ரிஃப்ளெக்ஸாலஜியைத் தனியாக எடைபோடவே தேவையில்லை, பாதத்தில் கல்லீரல் இருக்கிறது, நுரையீரல் இருக்கிறது என்கிற வரைபடத்தை ஒதுக்கிவிட்டால் மிச்சம் இருப்பது நல்ல கால் மசாஜ்.

குழந்தைகள் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2010-இல் வெளியான, பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் மசாஜும் சிரிப்பூட்டும் சிகிச்சையும் பெற்ற குழந்தைகளுக்கும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குழந்தை கேட்டால் செய்யுங்கள், அன்றைக்கு ‘வேண்டாம்’ என்று கையைத் தட்டிவிட்டால் விட்டுவிடுங்கள்.

சரி, யார் செய்வது? புற்றுநோயாளிகளுக்கென்று பயிற்சி எடுத்தவர் கிடைத்தால் முதல் சில முறை அவர் செய்து வீட்டாருக்குக் காட்டிக்கொடுப்பதுதான் என் விருப்பம், அப்புறம் அறையில் கூட இருப்பவரே பத்து நிமிடம் காலை நீவிவிடலாம். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர் வரவே கூடாது, வருகிறவர் மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒவ்வொரு நாளும் தொடுவதற்கு முன்னால் நர்ஸிடம் மூன்றைக் கேளுங்கள்: இன்றைய பிளேட்லெட் எவ்வளவு, காய்ச்சல் இருக்கிறதா, எந்த இடத்தைத் தொடக் கூடாது. வேறொருவரின் செல்களைப் பெற்றவருக்கு வீடு திரும்பிய பிறகும் இந்தக் கேள்விகள் தொடரும், ஏனென்றால் அந்தச் செல்கள் தோலைத் தாக்கினால் முதலில் தெரிவது பெரும்பாலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் வருகிற சிவப்புத் தடிப்பாகத்தான், நீவிவிடும்போது அதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.